கட்டிலருகில் அம்மா மாற்றிய கேள்வி

எங்கள் அம்மா பிறந்தது பருத்தித்துறையில், கடலிரைச்சல் கேட்கும் ஒரு வீட்டில். கண்ணை மூடியது மொன்ட்ரியாலில், பனி கரைந்து வீதியெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு பங்குனிக் காலையில். இடைப்பட்ட காலம் முழுவதையும் மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பார்ப்பதிலேயே செலவழித்தார் என்று நான் எழுதினால் அம்மாவுக்குக் கோபம் வரும். "அப்ப உங்களை ஆர் வளர்த்தது?" என்று கேட்பார். எங்களையும் அவர்தான் வளர்த்தார். ஆனால் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை உறவுக்காரியாகத்தான் தெரியும். எந்த விசேஷத்துக்கும் பிந்தி வந்து, வந்தவுடன் சமையலறைக்குள் நுழைந்துவிடும் ஒருவராகத்தான் தெரியும். சிறுவர் வைத்தியசாலையில் அவர் என்ன செய்தார் என்பது அநேகருக்குத் தெரியாது. கேட்டாலும் "காய்ச்சல், சளி பாக்கிறனான்" என்பதோடு முடித்துவிடுவார். ஆகவே அதைப் பற்றி எழுதும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். குடும்ப வரலாற்றைத் தம்பி முன்பக்கங்களில் எழுதியிருக்கிறான். அதில் பிழையிருந்தால் அவனைக் கேளுங்கள்.

அம்மாவின் தகப்பனார் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். பிள்ளைகளில் அம்மா நடுவில். மூத்தவர்களுக்கு அதிகாரமும் கடைக்குட்டிக்குச் செல்லமும் போக, நடுவில் பிறந்தவருக்குப் படிப்பு மட்டும்தான் மிச்சமிருந்தது என்று அப்பா பகிடியாகச் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்து, அங்கேயே சிறுவர் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். கணித ஆசிரியரான எங்கள் அப்பாவை மணந்தார். நான் பிறந்தேன். பிறகு நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா முதலில் புறப்பட்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். தம்பி இங்கே பிறந்தவன்.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்றாம் மாடி வாடகை வீட்டில் எங்கள் வாழ்க்கை தொடங்கியது. ஊரில் டொக்டராக இருந்தவர் இங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் குளிர்ச்சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். அதைப் பற்றி அம்மா ஒருநாளும் கண்ணீர் விட்டதில்லை. "ஊசி பிடிக்கத் தெரிஞ்ச கைதானே" என்று சிரிப்பார். அழுதது வேறொரு விடயத்துக்காக.

வந்த முதற் குளிர்காலத்தில் எனக்கு நெஞ்சுச் சளி கட்டி, ஒரு வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். அப்போது எனக்கு நான்கு வயது. ஒவ்வொரு நாள் காலையும் வைத்தியர்கள் கூட்டமாக வந்து என் அறைக்கு வெளியே, நடைபாதையில் நின்று என்னைப் பற்றிப் பேசுவார்கள். அறையின் கண்ணாடிக்கு உட்புறம் அம்மா நிற்பார். அவர்களுடைய வாய் அசைவது தெரியும். பேசியது பிரெஞ்சு, கேட்டிருந்தாலும் அன்றைய அம்மாவுக்கு விளங்கியிராது. இப்படியான சளியைத் தன் கையால் எத்தனையோ பிள்ளைகளுக்கு மாற்றிய ஒருவர், தன்னுடைய பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு அழுதார். ஒரு வகை மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை. அதே மருந்தைத்தான் கொடுத்தார்கள். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, ஒரு பகல் முழுவதும் நான் சொறிந்து அழுததாக அப்பா சொல்லுவார். பெரிய ஆபத்தொன்றும் நடக்கவில்லை. மருந்தை மாற்றினார்கள், நான் சுகமாகி வீடு வந்தேன். ஆனால் அம்மா அந்தக் கண்ணாடியை மறக்கவில்லை.

அதன்பிறகு பல வருடங்கள் பகலில் தொழிற்சாலை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு, கிடைத்த இடைவெளியில் பரீட்சைக்குப் படிப்பு. ஒரு பரீட்சையில் தோற்றார், திரும்பவும் எழுதினார். தன்னைவிட எவ்வளவோ வயது குறைந்தவர்களோடு பயிற்சி வைத்தியராக முதலாம் படியிலிருந்து தொடங்கினார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுச் சோறு அப்பா கையால்தான் வெந்தது. அப்பாவின் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்ததால்தான் எங்கள் இருவருக்கும் எந்த வைத்தியசாலைச் சாப்பாட்டையும் குறை சொல்லத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அம்மா நகரத்தின் ஒரு சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளை மருத்துவத் துறையில் நிரந்தர வைத்தியராக இருந்தார். நாங்களும் பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வாங்கிக் குடிவந்துவிட்டோம். அம்மாவுக்குக் கார் ஓட்டப் பயம். கைக்குழந்தையின் நரம்பில் ஊசி ஏற்றுகிறவருக்குப் பெருந்தெருவில் ஏறப் பயம் என்றால் யார் நம்புவது? அப்பா விடிய எழும்பிக் கொண்டுபோய் ரயிலில் ஏற்றிவிடுவார்.

அந்தத் துறையிலும் காலைச் சுற்று நடைபாதையில்தான் நடந்தது. வைத்தியர்கள், பயிற்சி வைத்தியர்கள், தாதி, மருந்தாளர் எல்லோரும் கதவுக்கு வெளியே நின்று பேசி முடித்துவிட்டு, ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பெற்றோருக்கு முடிவைச் சொல்லுவார். அம்மா கேட்டது சிறிய மாற்றம்: அந்தப் பேச்சு கட்டிலருகில் நடக்கவேண்டும், தாயோ தகப்பனோ முதலில் பேசவேண்டும். சிறிய மாற்றம்தான், ஆனால் அதற்கு ஒப்புதல் வாங்க அம்மாவுக்கு வருடக்கணக்காயிற்று. நேரம் போகும் என்றார்கள். பெற்றோர் பயந்துபோவார்கள் என்றார்கள். பயிற்சி வைத்தியர்கள் பெற்றோருக்கு முன்னால் பிழைவிட்டு அவமானப்படுவார்கள் என்றார்கள். "பிழை விட்டா விட்டதுதானே, பிள்ளையின்ர தாய்க்கு முன்னால விட்டா ஒருக்காத்தான் விடுவினம்" என்று அம்மா வீட்டில் எங்களிடம் வாதாடுவார், நாங்கள்தான் அந்தத் துறையின் எதிர்க்கட்சி என்பதுபோல.

கடைசியில் துறைத் தலைவர் ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் பரீட்சார்த்தமாகச் செய்துபார்க்கச் சம்மதித்தார். வசந்தம் வரும்போது துறைக்கூட்டத்தில் முடிவெடுப்பது என்று பேச்சு. சரிவரவில்லை என்றால் பழையபடி நடைபாதைதான். ஒருமுறை தோற்ற விடயத்தை அதன்பிறகு யாரும் தொடமாட்டார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுவதும் பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப்போலத்தான் வேலைக்குப் போனார்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஹெயிட்டி நாட்டுத் தாய் ஒருவர் சுற்று நேரத்துக்கு முன்பே தலைவாரித் தோடு போட்டுக்கொண்டு தயாராக நிற்பாராம். அவர் சொன்ன ஒரு சிறு விபரத்தால் மகனின் வலிப்பு மருந்து கொடுக்கும் நேரம் மாற்றப்பட்டு, பிள்ளை பகலில் தூங்கி வழிவது நின்றது. ஜினெட் என்ற மூத்த தாதி, முதலில் முகத்தைச் சுளித்தவர், பிறகு அம்மாவின் வலது கையாகிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து இவற்றைச் சொல்லும்போது பெயர் சொல்லமாட்டார், ஊர் சொல்லமாட்டார். "ஒரு தாய்", "ஒரு பொடியன்" அவ்வளவுதான். ஆனால் முகம் மலர்ந்திருக்கும்.

அந்த முகம் வாடியது எங்கள் ஆட்களால்.

மாசி மாதமளவில் ஒரு தமிழ்த் தாயின் கைக்குழந்தை மூச்சுக்குழலில் சளியோடு வந்து அனுமதிக்கப்பட்டான். மூச்சு சில நாட்களில் சீராகிவிட்டது. இனி நன்றாகப் பால் குடித்தால் வீட்டுக்கு அனுப்பலாம். காலைச் சுற்றில் எல்லோரும் கட்டிலைச் சூழ நிற்க, அம்மா தமிழில் கேட்பார்: "பிள்ளை வடிவாப் பால் குடிக்கிறாரோ?" அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டு, "அவ்வளவாக் குடிக்கிறேல்லை டொக்டர்" என்பார். அம்மா அதைப் பிரெஞ்சில் சொல்லுவார். எல்லோரும் கவலையோடு தலையசைப்பார்கள். நரம்பில் ஏறும் சேலைன் தொடரும்.

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அந்தத் தாய் திரைச்சேலையை இழுத்து மூடி, சால்வையால் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்துதான் பால் கொடுப்பாராம். ஆகவே குழந்தை எவ்வளவு குடிக்கிறான் என்பதைத் தாதிமார் கண்ணால் காணவில்லை. நிறை குறையவில்லை, ஆனால் சேலைன் ஏறுவதால் நிறையை நம்பமுடியாது. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. கடைசியில் மூக்கினூடாகக் குழாய் விட்டுப் பால் செலுத்துவது என்று முடிவாகித் திங்கட்கிழமை காலை அதற்கு நாள் குறித்தார்கள். அந்த வாரம் முழுவதும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தன் மொழி பேசும் ஒரு தாயிடம் தானே நேரில் கேட்டும் பிள்ளைக்கு என்ன என்று பிடிபடவில்லையே என்ற கவலை அவருக்கு.

அதற்கு முதல்நாள் ஞாயிறு தம்பியின் பிறந்தநாள். உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். வீட்டின் நிலக்கீழறையில் பாட்டும் சத்தமுமாக இருந்தது. அம்மா றோல்ஸ் பலகாரத் தட்டோடு சுற்றிவரும்போது, ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருக்கும் மாமி கேட்டார்: "என்ன, மகள் யூனிவேர்சிற்றியில முதலாவதா வந்திட்டாவாம்? கேள்விப்பட்டன்."

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அம்மா சற்றும் தயங்காமல், "எங்க மச்சாள்! புத்தகத்தைத் திறந்தாத்தானே. ஏதோ தட்டுத்தடுமாறிப் போகுது" என்றார்.

அருகில்தான் நின்றேன். அந்த வருடம் என் வகுப்பில் உண்மையாகவே நான்தான் முதலாவது. பொறியியல் படிப்பு, கண்விழித்துப் படித்த படிப்பு. சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக்கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. நான் பாடினால் "கத்துறாள்", உயரமாய் வளர்ந்தால் "ஒட்டகம் மாதிரிப் போகுது", பரிசு வாங்கினால் "ஆக்கள் குறைவு, அதுதான் குடுத்தவை". நான் சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு மேலே சமையலறைக்குப் போய்க் கோப்பைகளை உடைப்பதுபோலக் கழுவினேன்.

அம்மா பின்னாலேயே வந்தார். றோல்ஸ் தட்டு இன்னும் கையிலிருந்தது.

"நான் இப்ப மாமிக்கு என்ன சொன்னனான்?"

"நான் படிக்கிறேல்லை எண்டு சொன்னீங்கள்."

"ஏன் அப்பிடிச் சொன்னனான்?"

"அதை நீங்கள்தான் சொல்லோணும்."

அம்மா தட்டை அடுப்பின்மேல் வைத்தார். "அவளும் இதைத்தானே செய்யிறாள். கடவுளே, அவளும் இதைத்தான் செய்யிறாள்" என்றார். யார் அவள் என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு காலத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து ஈரக்கையோடு திரும்பினேன். அம்மா தொலைபேசியை எடுத்து வைத்தியசாலைக்கு அடித்தார். நாளைக்குத் தான் வரும்வரை அந்தக் குழந்தைக்குக் குழாய் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல றோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

வெளியாருக்கு இது விளங்காது; இந்த மலரை வாசிக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் தாய்மார் யாருமே நாலு பேருக்கு முன்னால் "பிள்ளை நல்லாய்க் குடிக்கிறான், நல்லாய் இருக்கிறான்" என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் நாவூறு பட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று பயம். நாலு பேருக்கே அப்படியென்றால், முன்பின் தெரியாத ஒரு கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்று குழந்தையையே உற்றுப் பார்க்கும்போது எந்தத் தாய் சொல்லுவாள்? அம்மாவுக்குக் கண்ணூறில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பழக்கம் நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டா வருகிறது? வீட்டில் தானே நாள் தவறாமல் செய்த ஒன்றை, வெள்ளைக் கோட்டைப் போட்டதும் அம்மா மறந்துபோனார்.

திங்கட்கிழமை வழக்கமான ரயிலுக்கு முந்திய ரயிலில் போனார். கோட்டுப் போடாமல், தனியே அந்தத் தாயின் அருகில் போய் இருந்தார். அன்று மாலை அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பிள்ளை, நான் இப்ப டொக்டரா வரேல்லை. சும்மா கதைக்க வந்தனான். பொடியன் குடிக்கிறானோ?"

அந்தத் தாய் முதலில் கதவைப் பார்த்தாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓம் அன்ரி. விடுறானே இல்லை. ரண்டு பக்கமும் குடிச்சுப்போட்டும் அழுறான்" என்றாராம்.

"பேந்து ஏனம்மா இல்லையெண்டு சொன்னனீர்?"

"இவ்வளவு பேரும் நிண்டு பாக்கேக்க எப்பிடி அன்ரி ஓமெண்டு சொல்லுறது? எனக்கு மூத்தது ஒண்டு இருந்தது. வாற போற எல்லாரும் கொழுகொழு எண்டு சொல்லித் தூக்குவினம். நானும் சிரிச்சுக்கொண்டு குடுப்பன். ஒரு வரியத்துக்குள்ள எங்களை விட்டிட்டுப் போட்டுது. இவன்ர விசயத்தில நான் வாயே திறக்கிறேல்லை."

 அம்மா அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாராம். கண்ணூறு என்று ஒன்றில்லை, அது மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தும் வரவில்லை என்றார். பிறகு கேட்டாராம்: "சரி, குடிக்கிறதைப் பற்றி நான் கேக்கேல்லை. எத்தினை நாப்பி நனைச்சவன் எண்டு கேட்டாச் சொல்லுவீரோ?"

அந்தத் தாய் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "அதைச் சொல்லலாம் அன்ரி. அது குப்பைதானே."

அம்மா சேலைனை நிறுத்தச் சொன்னார். உள்ளே வேறு நீர் போகாமல் நாப்பி நனைந்தால் குடிக்கிறான் என்றுதானே அர்த்தம். மறுநாள் காலைச் சுற்றில் அம்மா நாப்பிகளைப் பற்றி மட்டும் கேட்டார். தலை குனிந்து முணுமுணுத்த அதே தாய் நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கக்கூடிய குரலில் கணக்குச் சொல்லி, நம்பாதவர்கள் பார்க்கலாம் என்பதுபோலக் குப்பை வாளியையும் காட்டினாராம். அன்று பின்னேரமே குழந்தை வீட்டுக்குப் போனான்.

அதோடு பிரச்சினை முடியவில்லை. துறையின் மூத்த வைத்தியர் ஒருவர் இதை வசந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவரப்போவதாக முன்பே சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். தேவையில்லாமல் ஒரு பிள்ளைக்கு ஊசி ஏறுவதைத் தாங்காதவர் அவர் என்று அம்மாவே சொல்லுவார். தாயின் சொல்லை நம்பியதால் ஒரு சுகமான குழந்தைக்குச் சேலைன், இரத்தப் பரிசோதனை, இன்னும் சற்றிருந்தால் குழாயும் என்பது அவருடைய வாதம். தாயும் வைத்தியரும் ஒரே மொழி பேசியும் இப்படி நடந்ததென்றால் மற்றவர்களுடைய கதி என்ன என்று கேட்டார். கட்டிலருகில் சுற்று வேண்டாம், நடைபாதைக்கே திரும்புவோம் என்றார். பலர் அவர் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அம்மா ஒரு நீண்ட பேச்சை எழுதி என்னிடம் தந்தார், பிரெஞ்சைத் திருத்தச் சொல்லி. மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள், இந்தக் குளிர்காலத்தில் என்னென்ன நன்மை கிடைத்தது என்றெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். நாப்பிக் குழந்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டா என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்டேன். "அந்தப் பெட்டை விபரமில்லாதவள் எண்டு சொல்லிப்போட்டு நான் தப்பலாம். எல்லாரும் அதை நம்புவினம்" என்றார். "அதைத்தான் சொல்லப்போறியளோ?" என்றேன். அம்மா பேனையை என் கையில் தந்தார். நான் அவருடைய ஆண்பால் பெண்பால் பிழைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் திருத்திக் கொடுத்தேன்.

மறுநாள் அம்மா வீடு வந்தபோது முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. காலைச் சுற்று கட்டிலருகிலேயே தொடரும். "என்ர பிரெஞ்சு வேலை செய்திட்டுது" என்று நான் துள்ளினேன். "அதை வாசிக்கேல்லை" என்றார் அம்மா. "அப்ப என்ன சொன்னனீங்கள்?" "உள்ளதைச் சொன்னன்." அதற்குமேல் சொல்லும்படி எவ்வளவோ கெஞ்சிப்பார்த்தேன். சுளகை எடுத்துக்கொண்டு அரிசியில் கல் பார்க்கத் தொடங்கிவிட்டார். இந்த நாட்டு அரிசியில் ஏது கல்?

அதன்பிறகு அந்தத் துறையில் நடந்தவை அம்மா ஒருவரால் மட்டும் நடந்தவை அல்ல. ஆனால் எதிலும் அவர் கை இருந்தது. சுற்றுக்கு முன்பு ஒரு வைத்தியர் தனியே பெற்றோருடன் இருந்து, எல்லோருக்கும் முன்னால் எதைப் பேசலாம், எதைப் பேசவேண்டாம் என்று கேட்டறிவது வழக்கமாயிற்று. அறைக்குள் போகிறவர்களின் தொகையைக் குறைத்தார்கள். "நன்றாக இருக்கிறானா?" என்ற கேள்வியை விட்டு, "இரவு என்ன நடந்தது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பெற்றோர் படுப்பதற்கு மடக்குக் கட்டில் வந்தது. ஆஸ்துமாப் பிள்ளைகள் அனுமதிக்கப்படாமல் பகலில் வந்து மருந்தெடுத்து மாலையில் வீடு திரும்ப ஒரு தனிப்பகுதி திறந்தார்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய அந்த மூத்த வைத்தியரே பின்னாளில் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கட்டிலருகில் முட்டுக்குத்தி இருந்து தாய்மாரோடு கதைப்பாராம். அதைச் சொல்லும்போது அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

இப்படி இருந்தவரைப் புற்றுநோய் பிடித்தது. எவ்வளவோ போராடினார். வலியை வெளிக்காட்டாமல், பார்க்க வந்த உங்களையே சாப்பிட்டீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பயிற்சிக் காலத்தில் தன் கையால் சமைத்துப்போட்ட அப்பா இப்போது அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சினார். "இப்பத்தான் உப்புப் பதம் வந்திருக்கு" என்று அம்மா சொன்னதும் அப்பா அறைக்கு வெளியே போய் நின்று அழுதார். கடைசி நாட்களில் தம்பி காலைப் பிடித்தபடியும் நான் கையைப் பிடித்தபடியும் இருந்தோம். அமைதியாகத்தான் போனார். அம்மா இல்லாத வீட்டில் இருப்பது எப்படியென்று எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

இறுதிக் கிரியைக்கு முன் அம்மாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தபோது வைத்தியசாலையிலிருந்து பலர் வந்தார்கள். ஓய்வு பெற்றுவிட்ட ஜினெட்டும் வந்தார். வரிசையில் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில், "நீதானே அந்தக் கெட்டிக்கார மகள்?" என்று கேட்டார்.

"யார் அப்படிச் சொன்னது?" என்றேன். எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

"உன் அம்மா. துறைக்கூட்டத்தில், எங்கள் எல்லோருக்கும் முன்னால்."

அன்று என்ன நடந்ததென்று ஜினெட் சொன்னார். மூத்த வைத்தியர் பேசி முடித்ததும் அம்மா எழுந்தாராம். கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு இப்படிச் சொன்னாராம்: "அந்தத் தாய் செய்ததை நான் என் வீட்டில் ஒவ்வொரு நாளும் செய்கிறேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளைப்போலக் கெட்டிக்காரியை நான் கண்டதில்லை. இந்தப் படிப்பைத் திரும்பவும் படிக்க நான் போனபோது, சின்னப் பிள்ளையாக இருந்துகொண்டு தம்பியைப் பார்த்தவள் அவள்தான். இன்று பல்கலைக்கழகத்தில் முதலாவதாக வருகிறாள். அவளைப் பற்றி யாராவது நல்லது சொன்னால் நான் இல்லை என்பேன். அது பொய் இல்லை. எங்கள் ஊரில் பிள்ளையைக் காப்பாற்றும் விதம் அது. அந்தத் தாயும் தன் பிள்ளையைக் காப்பாற்றத்தான் இல்லை என்றார். அவரிடம் பிழை இல்லை. கேட்டது நான், எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. கேள்வியை மாற்றுவோம். தயவுசெய்து அவர்களைத் திரும்பவும் கண்ணாடிக்குப் பின்னால் விடவேண்டாம்."

சொல்லி முடித்ததும் அம்மாவின் முகம் பயந்துபோய் இருந்ததாம். என்னைப் பற்றி அவ்வளவு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாரே! அதைக் கண்ட ஜினெட், இங்குள்ளவர்கள் அப்படியான நேரத்தில் செய்வதுபோல, மேசையின் மரத்தைத் தட்டினாராம். பக்கத்திலிருந்தவரும் தட்டினார். துறைத் தலைவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். கடைசியில் அந்த மேசையைச் சுற்றியிருந்த அத்தனை வைத்தியர்களும், எதிர்த்துப் பேசியவர் உட்பட, என் மேல் யாருடைய கண்ணும் பட்டுவிடக்கூடாது என்று மரத்தைத் தட்டினார்களாம்.

நான் அங்கேயே நின்று, வரிசையில் வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

அம்மாவின் நோய்க் காலத்தில் கூடவே நின்ற சின்னம்மாவுக்கும், வீட்டு வாசலில் பனி தள்ளிவிட்டுச் சொல்லாமலே போன அயலவருக்கும், ஆற்றைக் கடந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த லொங்குய்ய் மாமிக்கும், அம்மாவைத் தங்களுடைய தாயைப்போலப் பார்த்த தாதியருக்கும் வைத்தியருக்கும், கிரியைகளை முறைப்படி செய்வித்த குருக்களுக்கும், தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும், வரமுடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் நெஞ்சு நிறைந்த நன்றி. யாரையாவது விட்டிருந்தால் அது என் மறதி, நன்றியில்லாமை அல்ல.

மாமி, அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: ஓம், நான்தான் முதலாவதாக வந்தேன். இனி எங்கள் அம்மாவை எவருடைய கண்ணும் நாவும் எதுவும் செய்யமுடியாது. ஆகவே இவ்வளவு பேருக்கும் முன்னால், குரலைத் தாழ்த்தாமல், அவரைப் பற்றி நான் சொல்லுகிறேன்: எங்கள் அம்மா மிக நல்ல டொக்டர். மிக மிக நல்ல அம்மா.

அன்பு மகள்
பியர்பொன்ட்ஸ், மொன்ட்ரியால்